கரி பூசாத முகங்கள்

இந்த வருஷம் மேப்பிள் மரப்பாகு சீக்கிரமே காய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். நீங்கள் வந்த வழியெல்லாம் அந்த வாசனை அடித்திருக்கும். உட்காருங்கள். நாற்காலியில் இருப்பது கரி மை, காய்ந்துவிட்டது. உங்கள் கோட்டில் ஒட்டாது.

என் பெயர் லைல் ஃபார்னம். கறுப்பு வெள்ளைப் படங்களை அச்சிடும் பிரிண்டர்களுக்கு மை கலப்பது என் வேலை. சாதாரணச் சாய மை, ஜன்னல் வெளிச்சம் பட்டால் இரண்டு வருஷத்தில் வெளுத்துவிடும். கரி வெளுக்காது. ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருளை வெயில் என்ன செய்துவிடும்? கருங்கறுப்பிலிருந்து மெல்லிய சாம்பல் வரை ஏழு பாட்டில். இந்த வெர்மான்ட் மலைப்பக்கத்தில் அதை ஒழுங்காகக் கலக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

கொரின் திபோ என்னிடம்தான் மை வாங்கினாள். இருபது வருஷச் சிநேகிதம். இறந்தே பிறக்கும் குழந்தைகளை அவள் மருத்துவமனைக்குப் போய் இலவசமாகப் படமெடுத்துக் கொடுப்பாள். ஒரே ஒரு பிரதி. அதைப் பெற்றோர் கையில் கொடுத்ததும், அவர்கள் கண்முன்னாலேயே கணினியில் இருப்பதை அழித்துவிடுவாள். படம் வேறெங்கும் அலையாது என்பது அவள் கொடுக்கும் வாக்கு.

ஒருநாள் தேவாலயக் கூடத்தில் விருந்து. டெல்பர்ட் கோய்ல் என்கிற பால்பண்ணைக்காரர் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். இறந்து பிறந்த அவருடைய முதல் குழந்தையை அவள்தான் படமெடுத்துக் கொடுத்திருந்தாள்.

"என்னைப் புகழாதீங்க டெல்பர்ட்," என்றாள் கொரின். "அந்த முகத்துல இருக்கற மென்மை பூரா லைலோட மைதான். நான் சும்மா பட்டன அமுக்கறவ."

டெல்பர்ட் என்னைப் பார்த்தார். "அப்படியா லைல், நல்லது," என்றார். மறுபடி அவள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தட்டில் அவரைக்காயை வைத்துக்கொண்டு நின்றேன். மறைக்க என்ன இருக்கிறது, பொறாமைதான். புகழை எனக்கு விட்டுக்கொடுத்து அதற்கும் சேர்த்து நல்ல பெயர் வாங்கிவிட்டாளே என்று இருந்தது.

அடுத்து அவளுக்குக் கொடுத்த ஏழு பாட்டிலிலும் சாய மை. கரி மைக்கு லேசான பழுப்பு உண்டு. அதையும் சாயத்தில் கொண்டுவர எனக்குப் பதினோரு முயற்சி ஆயிற்று. நான் கலந்ததிலேயே அதுதான் நேர்த்தியான கலவை. கரி என்றால் அடியில் படியும், ஊற்றுமுன் பாட்டிலைக் குலுக்க வேண்டும். சாயம் படியாது. அது ஒன்றுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"என்ன மாயம் பண்ண? வண்டலே இல்லியே," என்று கேட்டாள்.

"வடிகட்டற விதத்த மாத்திட்டேன்."

"இருந்தாலும் குலுக்கிட்டுத்தான்பா ஊத்தறேன். கை கேக்க மாட்டேங்குது."

இரண்டு வருஷம் அந்த மையைக் குலுக்கிக் குலுக்கி ஊற்றினாள். முப்பத்தெட்டுக் குழந்தைகள். டெல்பர்ட்டின் இரண்டாவது குழந்தையும் அதில் ஒன்று.

சாய மையில் முதலில் போவது வெளிர் சாம்பல். பச்சைக் குழந்தையின் முகம் முழுக்க வெளிர் சாம்பல்தான். போர்வை நிற்கும், தொப்பி நிற்கும், தாயின் விரல் நிற்கும். முகம் இருந்த இடத்தில் காகிதம் இருக்கும். எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் குழந்தைகளுக்கு நான் ஒரு தீங்கும் செய்யவில்லை, அவை முன்பே இறந்தவை. முகத்தில் கரியைப் பூசிவிட்டான் என்று ஊரில் ஏசுவார்கள். நான் கரியைப் பூசாமல் விட்டேன், அவ்வளவுதான்.

டெல்பர்ட் வீட்டில் இரண்டு படமும் ஒரே சுவரில் மாட்டியிருந்தன. மூத்ததற்கு முகம் இருந்தது. இளையதற்கு இல்லை. அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது.

போன செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டத்தில் கொரின் எழுந்து நின்றாள்.

"தப்பு என்னோடது. பாட்டில சரியா குலுக்கல, கரி அடியிலயே தங்கிடுச்சு. லைல யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

அவளைக் கிழிகிழி என்று கிழிப்பார்கள் என்று காத்திருந்தேன். டெல்பர்ட்டின் மனைவி நெட்டி எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "படம் சுவத்துலயேதான் இருக்கும் கொரின். நாங்க கழட்ட மாட்டோம்," என்றாள். மறுநாள் கொரின் வீட்டு வாசலில் ஆறு வீட்டுச் சாப்பாடு வந்து இறங்கியிருந்தது.

குலுக்காத கரி அச்சடித்த அன்றைக்கே வெளிறித் தெரியும். இரண்டு வருஷம் பொறுத்து மறையாது. இருபது வருஷம் கரியோடு கிடந்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் அந்தப் பொய்யைச் சொன்னாள். பழியையும் தானே எடுத்துக்கொண்டு, அதிலும் ஊரின் அன்பைச் சம்பாதித்துக்கொண்டாள். எனக்கென்று இருந்தது அந்தப் பழி ஒன்றுதான்.

மனசாட்சி உறுத்தியதால்தான் பத்திரிகைக்காரர் என்று உங்களைக் கூப்பிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். முப்பத்தெட்டு முகங்களையும் அழித்தவன் லைல் ஃபார்னம். கொரினுக்கு இதில் எள்ளளவும் பங்கில்லை. அதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.