மூன்று வாரமாக வராத சீட்டு

— பெட்டியைத் தலைகீழா கவுத்துப் பார்த்தாச்சு அக்கா. இந்த வாரமும் இல்ல.

— எதுய்யா இல்ல? அதான் ஒன்பது ஜெபச் சீட்டு கிடக்குதே. காலை எடுங்க, அந்த இடம் இப்பத்தான் துடைச்சேன்.

— பரீட்சைக்கு நாலு, விசாவுக்கு ரெண்டு, முழங்கால் வலிக்கு ரெண்டு, காணாமப்போன நாய்க்கு ஒண்ணு. நான் தேடறது அந்தப் பேர் போடாத சீட்டு. பழைய ஆராதனைத் தாளைக் கிழிச்சு, பின்பக்கத்துல எழுதி வருமே.

— நாய்க்கு வேற எழுதறாங்களா? சரி, அது ஒண்ணு வரலைன்னா என்ன? இருக்கறதை நாளைக்குப் படிச்சு ஜெபம் பண்ணிடுங்க.

— ஏழு மாசம் ஒரு வாரம் தவறாம வந்துச்சு. "விசுவாசம் செத்துப்போயும் கோயிலுக்கு வந்துட்டிருக்கிற ஒருத்தருக்காக." எப்பவும் இந்த ஒரு வரிதான். இப்ப மூணு வாரமா இல்ல. பெட்டியைத் துடைக்கிறது நீங்கதானே, யார் போட்டாங்கன்னு பார்த்திருப்பீங்க.

— நான் என்னத்தைக் கண்டேன். இருக்கிற நாற்காலியைத் துடைக்கவே எனக்குப் பொழுது போதல. அதுக்கு ஏன் மூஞ்சி இப்படிக் கெடக்கு? மத்தியானம் சாப்பிட்டீங்களா?

— பசிக்கல.

— பாஸ்டரம்மா ஊர்ல இல்லைன்னா வீட்டுல உங்களுக்கு இதே கதைதான்.

— பாருங்கக்கா, அந்த வாளியைக் கொஞ்சம் கீழ வைங்க. உட்காருங்க. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் ஒரு கடிதம் படிக்கப் போறேன். இனிமே நான் இங்க போதகர் இல்ல.

— என்னய்யா திடீர்னு? யாராவது ஏதாவது சொன்னாங்களா? பாட்டுக் குழுக்காரரா? அந்த மனுசனுக்கு வாய் சும்மா இருக்காது.

— அவர் பாவம், மைக்கைத் தவிர யாரோடயும் சண்டை கிடையாது. விஷயம் அந்தச் சீட்டுதான். அது என்னைப் பத்தினது. யாரோ என்னைக் கண்டுபிடிச்சுட்டாங்க. நேரா கேக்க மனசு வராம, என் வாயாலேயே படிக்க வச்சிருக்காங்க.

— உங்களைப் பத்தியா?

— ஒரு வருஷம் ஆகப் போகுது. பெருசா எதுவும் நடக்கல. நடந்திருந்தா காரணமாவது சொல்லலாம். ஒரு நாள் காலையில ஜெபம் பண்ண முழங்கால் போட்டேன், சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருந்துச்சு. மறுநாளும் அப்படித்தான். அசதின்னு நினைச்சு லீவு போட்டுப் பார்த்தேன். உபவாசம் இருந்து பார்த்தேன். பசிச்சதுதான் மிச்சம்.

— அப்புறம் எப்படி வாராவாரம் பிரசங்கம் பண்ணீங்க?

— பழக்கம். சட்டைப் பித்தானைக் கை தானா போடுதுல்ல, அந்த மாதிரி. பாருங்க, வெக்கமா இருந்தாலும் அந்தச் சீட்டுதான் எனக்குத் துணையா இருந்துச்சு. ஒருத்தராவது நமக்காக விடாம கேக்கறாங்களேன்னு. இப்ப அவங்களும் கை கழுவிட்டாங்க. இவன் தேறமாட்டான்னு முடிவு பண்ணியாச்சு. அவங்களுக்கே அலுத்துப் போனப்புறம் நான் இன்னும் யாரை ஏமாத்தணும்? ரொம்ப ஓய்ஞ்சுபோயிட்டேன் அக்கா.

— அந்தச் சீட்டைப் படிச்சதும் என்ன ஜெபம் பண்ணுவீங்க, ஞாபகம் இருக்கா?

— வாய்க்கு வந்தது ஏதோ.

— "உம்முடைய சத்தம் இவருக்குக் கேட்காவிட்டாலும், இவர் கையை விட்டுவிடாதேயும் ஆண்டவரே." ஒரு வாரம்கூட மாத்தல நீங்க.

— மனப்பாடமா சொல்றீங்க. அதுல ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பல.

— சரி விடுங்க. எங்க வீட்டுக்காரரை நீங்கதானே அடக்கம் பண்ணீங்க.

— ஆமா. பத்து மாசம் இருக்குமா?

— ஆஸ்பத்திரி வராந்தாவுல பதினாறு நாள் ஜெபத்துலயே இருந்தேன். பதினாறாம் நாள் அவரு செருப்பையும் கண்ணாடியையும் ஒரு பையில போட்டுக் கையில குடுத்தாங்க. அன்னிக்கோட எல்லாம் முடிஞ்சுபோச்சு.

— முடிஞ்சுபோச்சுன்னா? ஒரு வாரம்கூட நீங்க வராம இருந்ததில்லையே.

— தரை துடைக்கறவ வராம இருக்க முடியுமா? வந்தேன், துடைச்சேன், கடைசி வரிசையில உட்கார்ந்தேன். உள்ள ஒண்ணும் இல்ல. யார்கிட்ட போய்ச் சொல்றது? உங்ககிட்ட சொல்லலாம்னா, நீங்க மலை மாதிரி நிக்கறீங்க. பெட்டி பக்கத்துல இருந்துச்சு. குப்பைக்குப் போற தாளும் கையில இருந்துச்சு.

— அக்கா, அப்ப அது நீங்களா?

— என் கையெழுத்தை நீங்க எப்பப் பார்த்திருக்கீங்க? உங்க சங்கதி இப்ப நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் எனக்காக எழுதினேன்.

— அப்புறம் ஏன் நிறுத்துனீங்க? உங்களுக்கும் வெறுத்துப்போச்சா?

— இல்லய்யா. நாலாவது வரிசை நாற்காலியைத் துடைச்சுட்டிருந்தேன், அவரு இல்லாம வீடு எப்படி இருக்குதுன்னு வாய்விட்டுச் சொல்லிட்டிருந்தேன். பாதியிலதான் கவனிச்சேன், ஆண்டவர்கிட்ட பேசிட்டிருக்கேன்னு. அந்த வாரம் எழுத உட்கார்ந்தா, எழுத ஒண்ணும் இல்ல. ஏழு மாசமா நீங்க நம்பாமத்தான் எனக்காகக் கேட்டிருக்கீங்க. எனக்குக் கிடைச்சிருச்சுய்யா.