குடுவையைத் தெளியவைத்த ஆள்

மேற்படி முகவரியில் கணவர், மாமியார், கணவரின் அக்காவான நாத்தனாருடன் குடியிருக்கிறேன். வயது முப்பத்தெட்டு. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் பிரிவில் வேலை. நாத்தனாருக்கும் அதே அறையில் எதிர் மேசை. என் குடுவையில் அவர் ப்ளீச்சிங் திரவம் ஊற்றி நாசம் செய்ததாக முந்தாநாள் இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். அது தவறு. உண்மையான ஆளைப் பிடித்துவிட்டேன். மெதுவாகச் சொல்லும்படி எழுத்தர் ஐயா சொல்கிறார். இன்று வழக்குப் பதிவானால் நாத்தனாருக்கு வேலை போய்விடும், எனக்கு எப்படி மெதுவாக வரும்?

நான் வளர்த்தது ஸ்டெஃபைலோகாக்கஸ், புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் பாக்டீரியா. ஒரு நோயாளியின் காலிலிருந்து எடுத்த இந்த வகை, கொடுத்த எந்த மருந்துக்கும் மசியவில்லை. அது பெருகினால் குடுவை நீர் கலங்கும். அன்று காலை கலங்கியிருந்த குடுவை, நான் சாப்பிட்டு வந்து பார்த்தபோது குடிதண்ணீராகத் தெளிந்திருந்தது. முந்தின நாள்தான் அலமாரியில் இடம் பிடிக்கும் தகராறில் நாத்தனார், "உன் குடுவையில எல்லாம் ஒருநாள் ப்ளீச்சிங் ஊத்தறேன் பாரு" என்று சொல்லியிருந்தார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நேராக இங்கே வந்தேன்.

அதன் பிறகு, புகாருக்குச் சாட்சியம் சேர்க்க நினைத்து, தெளிந்த நீரை பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்து, ஒரு சொட்டை, அதே பாக்டீரியா பெருகிக் கலங்கியிருந்த புதுக் குடுவையில் விட்டேன். அதுவும் தெளிந்தது. "வசமா மாட்டிக்கிட்டா" என்று வாய்விட்டே சொன்னேன். அதன் பிறகு அதிலிருந்து ஒரு சொட்டை அடுத்த கலங்கிய குடுவையிலும், அதிலிருந்து ஒரு சொட்டை அதற்கடுத்ததிலும் விட்டேன். வரிசையாக எல்லாம் தெளிந்தன. அப்போதுதான் உறைத்தது. ப்ளீச்சிங்காக இருந்தால் இத்தனை குடுவை மாறியதில் நீர்த்து ஒன்றுமில்லாமல் போயிருக்கும். இது குறையவே இல்லை. அப்படியென்றால் உள்ளே ஏதோ பெருகுகிறது.

அதன் பிறகு ஒரு தட்டில் இந்த பாக்டீரியாவையும் இன்னொன்றில் வேறொரு பாக்டீரியாவையும் படரவிட்டு, இரண்டிலும் அந்த நீரைத் தெளித்தேன். இன்று காலை முதல் தட்டின் படலத்தில் வட்ட வட்டமாக ஓட்டைகள். இரண்டாவதில் ஒரு கீறல்கூட இல்லை. ப்ளீச்சிங் ஆள் பார்த்து அடிக்காது.

காவல் ஆய்வாளர் ஐயா, "அப்போ யாரும்மா குற்றவாளி?" என்று கேட்டார். பாக்டீரியோஃபேஜ், அதாவது பாக்டீரியாவையே தாக்கும் வைரஸ் என்றேன். அது பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு, தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்தி, அதன் சரக்கை வைத்தே தன்னைப் போல நிறையச் செய்துகொண்டு, கடைசியில் அதை வெடிக்கவைத்து வெளியேறி, அடுத்ததைப் பிடிக்கும். "வாடகைக்கு வந்து, வீட்டுக்காரன் செலவுல குடும்பத்தைப் பெருக்கி, வீட்டையும் இடிச்சிட்டுப் போறவனா?" என்றார். ஆமாம் என்றேன். அது அந்த நோயாளியின் சீழுடனேயே வந்திருக்கலாம், உறுதியாகத் தெரியாது.

காலையிலிருந்து பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டிருந்த நாத்தனார் அதுவரை என் முகத்தைப் பார்க்கவில்லை. கைபேசியில் தட்டின் படத்தை நீட்டியதும் பிடுங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "அடியே, ஓட்டையோட ஓரம் எவ்வளவு சுத்தமா இருக்கு! மருந்துக்கு மசியாத அதே கழுதைதானே?" என்றார். அதேதான் அண்ணி என்றேன். "அப்போ அந்த நோயாளியோட காலு பொழைச்சிடுமா?" என்றார். இன்னும் நிறையச் சோதனை பாக்கி என்றேன். இருவரும் ஒரே நேரத்தில் பேசியதால் காவலர் அதட்டினார்.

அதன் பிறகு நாத்தனார் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வைரஸ் நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ சொன்னதை அம்மா நம்பிட்டாங்க. ரெண்டு நாளா என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கலை" என்றார். நான் அழுதேன். அதையும் எழுதச் சொன்னேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நடந்தது நடந்தபடி இருக்கிறது, யாரும் வற்புறுத்தவில்லை. இதில் ஒரு நகல் வேண்டும். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது, நானே உரக்கப் படித்துக்காட்ட வேண்டும் என்று நாத்தனார் கேட்கிறார். சம்மதித்துக் கையொப்பமிடுகிறேன்.