சென்சாருக்கு முன்னால் ஓர் ஓட்டை

பற்றவைப்பதற்கு முன் இரும்பை நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். இருபத்திரண்டு வருடமாக மாமனாரின் கார் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறேன். நான் ஒட்டிய குழாய் கசிகிறது என்று இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை. கவனக்குறைவாக எதையாவது செய்து வைக்கிற ஆள் நான் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், அதாவது என் சகலை, போன வருடம் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். எந்நேரமும் மடியில் லேப்டாப் இருப்பதால் எல்லோருக்கும் அவர் ‘கம்ப்யூட்டர்’. தன் பழைய காருக்கு டர்போ மாட்டி, இன்ஜினுக்குள் எப்போது எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை லேப்டாப்பிலேயே மாற்றி எழுதி, அதைச் சீறிப் பாய வைத்திருந்தார். ஒரு நாள் மாமனாரை அதில் ஒரு சுற்று கூட்டிப்போனார். திரும்பி வந்து இறங்கிய மாமனார் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கடைவாயில் ஒரு தங்கப்பல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

“அடுத்த மாசம் ரேஸ் கிளப் செயலாளர் வண்டியப் பாக்க வர்றார். அவருக்குப் பிடிச்சா கிளப் வண்டி எல்லாம் நம்ம கிட்டதான். முன் ரூமைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திடலாம்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்க சாமானெல்லாம் பின்னாடி கொண்டுபோயிடுங்க மாப்பிள்ளை. கக்கூஸ் பக்கத்துல தாராளமா இடம் இருக்கு” என்றார்.

தாராளமாக இடம் இருந்தது உண்மைதான். எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை.

செயலாளர் வருவதற்குள் காரை இன்னும் துல்லியமாக்க வேண்டும் என்று சகலை ஒரு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் வாங்கி வந்தார். கட்டைவிரல் அளவு சாமான். அது புகைக்குழாயில் உட்கார்ந்து, வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று முகர்ந்து பார்க்கும். பெட்ரோல் கூடுதலா குறைவா என்பதை ஸ்டியரிங் பக்கத்து மீட்டரில் எண்ணாகக் காட்டும். பதினாலு புள்ளி ஏழு என்றால் சரியான கலவை. எண் ஏறினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்.

“அண்ணே, இத உங்க கையாலதான் வைக்கணும்” என்றார். “சென்சாருக்கு முன்னாடி ஊசி முனை ஓட்டை இருந்தாக்கூட வெளிக்காத்து உள்ள போயிடும். மீட்டர் பொய் சொல்லும். நான் பெட்ரோல் பத்தலைன்னு நெனச்சு ஊத்திக்கிட்டே இருப்பேன்.”

“அப்படியா தம்பி” என்றேன். அதுவரை எனக்கு அது தெரியாது. ஆகவே யோசனை அவருடையது என்றுதான் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

குழாயில் துளை அறுத்து, சென்சாரைத் திருகி மாட்டுவதற்கு மரை வெட்டிய வளையத்தை வைத்துப் பற்றவைத்தேன். தண்ணீர் தேங்கி சென்சார் கெட்டுவிடாதபடி அதைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்தேன். அப்படியொரு அழகான ஒட்டு என் கையில் அதற்கு முன் விழுந்ததில்லை. அதன் பிறகு ஒரு சாண் முன்னால், குழாயின் மேல்புறம், கீழே படுத்துப் பார்ப்பவர் கண்ணுக்குப் படாத இடத்தில் ஓர் ஓட்டை போட்டேன். ஓட்டையின் விளிம்பில் பிசிறு இல்லாமல் அரமும் போட்டேன். வேலை என்றால் வேலை.

மீட்டர் பதினாறு காட்டியது. சகலை பெட்ரோலைக் கூட்டினார். மறுநாளும் பதினாறு, இன்னும் கூட்டினார். கார் இருமத் தொடங்கியது. என் கொழுந்தியாள் கொடியில் காயப்போட்ட துணிகள் கரி படிந்து வீட்டுக்குள் போயின. சென்சார்தான் கோளாறு என்று சகலை வேறொன்று வாங்கி வந்தார். அதையும் நானே மாட்டினேன். கசிவு இருக்குமோ என்று சந்தேகப்பட்டபோது, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்ததும் நானே. அந்த ஓர் இடத்துக்கு மட்டும் சோப்பு போதவில்லை.

ஒரு மத்தியானம் காருக்கு அடியில் இருவரும் படுத்திருந்தோம். அவர் திடீரென்று விசும்ப ஆரம்பித்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியலண்ணே. எல்லாரும் சிரிக்கிறாங்க. நீங்க ஒருத்தர்தான் கூட நிக்கிறீங்க.”

“எல்லாம் சரியாயிடும் தம்பி” என்று தோளைத் தட்டிக்கொடுத்தேன். என் துண்டால் அவர் முகத்தையும் துடைத்துவிட்டேன். அன்று சாயங்காலம்தான் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

ரேஸ் கிளப் செயலாளர் வெள்ளைச் சட்டையில் வந்தார். புகைக்குழாய்க்குப் பின்னால் நின்றால் இன்ஜின் சத்தம் தெளிவாகக் கேட்கும் என்று அவரிடம் சொன்னவன் நான். சகலை ஆக்சிலரேட்டரை மிதித்தார். புகை கலைந்தபோது செயலாளரின் கண்கள் இரண்டும் மட்டும்தான் வெள்ளையாக இருந்தன. அவர் யாரையும் திட்டவில்லை. முகம் கழுவ எங்கே போக வேண்டும் என்று மட்டும் கேட்டார். பின்பக்கம் காட்டினேன்.

முன் அறைப் பேச்சு அத்துடன் முடிந்தது. சகலை லேப்டாப்பை மூடிப் பரணில் போட்டுவிட்டார். இப்போது நட்டு போல்ட்டுகளை அளவு பார்த்து டப்பாக்களில் பிரித்துப் போடுகிறார். அதிலும் ஒவ்வொன்றையும் என்னிடம் காட்டி, “இது பத்துதானேண்ணே?” என்று கேட்கிறார். டீயில் சர்க்கரை போதுமா என்றால், “நீங்க குடிச்சுப் பாத்துச் சொல்லுங்கண்ணே” என்கிறார்.

அந்தக் காரைப் பார்க்கவே பிடிக்கவில்லை, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார். ஒரு நல்ல வண்டி அப்படிப் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. நானே வாங்கிக்கொண்டேன். அன்றே ஓட்டையை அடைத்தேன். இரண்டு நிமிட வேலை.

ஆனால் கார் அடங்கவில்லை. என் ஓட்டைக்கு ஈடுகட்ட அவர் எழுதிய எண்கள் அப்படியே இருப்பதால் இன்னும் பெட்ரோலைக் கொட்டிப் புகைகிறது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். “வேண்டாம்ணே, நான் தொட்டா இன்னும் கெட்டுடும்” என்று கையை மடக்கிக்கொண்டார். தன் கணக்கு தப்பு என்று அவர் நம்புகிற வரையில் லேப்டாப்பைத் திறக்கவே மாட்டார். இதை எண்ணி நான் இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

எனவே நடந்ததையெல்லாம் எழுதிவிட்டேன். இதை மாமனார் எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்டட்டும். ஓட்டை போட்டது நான். பெரிதாக்கியதும் நான். தம்பியின் கணக்கில் ஒரு பிழையும் இருந்ததில்லை. ஒரு மனிதனின் தன்னம்பிக்கையை அவனிடமே திருப்பிக் கொடுப்பதைத் தவிர எனக்கு இதில் வேறு நோக்கமில்லை. அவர் கத்தலாம், அழலாம், என்னை அடிக்கக்கூடச் செய்யலாம். அது அவர் உரிமை. அதெல்லாம் முடிந்த கையோடு லேப்டாப்பை மட்டும் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வண்டி வேண்டும்.