மாடி வீட்டு ஏசி

மூலக்குளத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் டெம்போவில், எனக்கு எதிரே இருந்த பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் சொன்னாள்: "ரெண்டு வருஷமா மாடி வீட்டு ஏசிக்கு நான்தான் கரண்ட் பில் கட்டியிருக்கேன்க்கா."

அவள் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறாள். மாடியில் இருப்பவர்தான் கடைக்குச் சொந்தக்காரர்.

"ரேட்டு ஏறப்போவுதுன்னு பேச்சு வந்ததுமே உஷாராயிட்டேன். ஒரு ஃப்ரிட்ஜை வித்தேன். பல்பெல்லாம் மாத்தினேன். இந்த வெயில்ல ஃபேன் போடாம மாவு அரைச்சேன். அப்பவும் பில்லு எறங்கல. கேட்டா அந்தாளே, 'ரேட்டு ஏறிப்போச்சும்மா, எல்லாருக்கும் அப்படித்தான்'னு சொல்றான்!"

"அப்புறம் எப்படிக் கண்டுபுடிச்ச?"

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு மீட்டரைப் பாருன்னு எலக்ட்ரீஷியன் சொன்னாரு. நேத்து பாத்தேன், மீட்டர் ஓடுது! ஆத்திரத்துல என் கடை ஃபியூஸ் கட்டையைப் புடுங்கினேன். மாடியில ஏசி நின்னுச்சு. லுங்கியோட எறங்கி வந்து, 'கரண்ட் போயிடுச்சா?'ன்னு கேக்கறான்!"

டெம்போ சத்தத்தையும் மீறி அவள் குரல் ஏறியது. டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

"இப்ப எங்க போற?"

"கரண்ட் ஆபீசுக்கு. எழுதிக் குடுக்கப் போறேன்."

"கடையைக் காலி பண்ணச் சொல்லிடுவானே?"

"நேத்தே சொல்லிட்டான்."

"ஃபியூஸைப் புடுங்கிட்டா ஃப்ரிட்ஜும் ஓடாதே, அரைச்ச மாவெல்லாம் புளிச்சிப் போயிடுமேடி."

"புளிக்கட்டும்க்கா." மடியிலிருந்த பையைத் தட்டிக் காட்டினாள். "ஃபியூஸ் கட்டை இதுலதான் இருக்கு."