முப்பது ஹெம்ப் சட்டைகள்

லீலா: நூர்தீன் பாய், கையில என்ன கத்தரிக்கோல்? சட்டையெல்லாம் தைச்சு முடிச்சாச்சே.

நூர்தீன்: ஒண்ணுமில்ல... நூல் தொங்குது.

லீலா: முப்பதுலயுமா? நான் தைச்சதுலயா?

நூர்தீன்: கோச்சுக்காத லீலா. கல்யாணப் பொண்ணு ஆரபி எப்ப வருது?

லீலா: ஃபேரர் பார்க் ஸ்டேஷன்ல ரயிலை விட்டு இறங்கிடுச்சாம். இப்பதான் மெசேஜ்.

நூர்தீன்: இறங்கிடுச்சா!

லீலா: ஏன் அலர்றீங்க? காட்டுங்க... பாய், லேபிள்ல 'லினன்'னு போட்டிருக்கு!

நூர்தீன்: நான்தான் நேத்து வச்சேன்.

லீலா: நாளன்னிக்கு கல்யாணம். ரெண்டு வீட்டு ஆம்பளைங்களும் ஹெம்ப் சட்டைதான் போடணும்னு அந்தப் பொண்ணு ஆறு மாசமா சொல்லுது. தண்ணி கம்மியா குடிக்கிற செடி, நாள்பட உழைக்கிற துணின்னு மேடையில வேற பேசப் போகுது...

நூர்தீன்: அவங்கப்பா சிவசுப்பிரமணியம் வந்தாரும்மா. "ஹெம்ப்னா கஞ்சாச் செடிதானே? கஞ்சாவுக்குத் தூக்கு குடுக்கற இந்த ஊர்ல அதைப் போட்டுக்கிட்டு நான் சபையில நிக்கணுமா? கல்யாணத்துக்கே வரல"ன்னாரு.

லீலா: துணி வேற, புகை வேறன்னு சொல்றதுதானே?

நூர்தீன்: கேட்டாத்தானே! "லினன்தான் அங்கிள்"னு சொல்லித் தொலைச்சுட்டேன். இப்ப பொண்ணு பாத்தா மூஞ்சியில வீசிடும். நீயும் ஒரு கத்தரி எடு, லேபிளையெல்லாம் பிரிச்சிடலாம்.

லீலா: வேணாம்.

நூர்தீன்: என்னது?

லீலா: பிரிக்காதீங்க.

நூர்தீன்: விளையாடறியா? பொய் லேபிளோட குடுக்கறதா?

லீலா: பாய்... துணி வியாபாரத்துல நீங்க எத்தன வருஷம்?

நூர்தீன்: இருபத்திரண்டு. அதுக்கென்ன இப்ப?

லீலா: தொட்டுப் பாத்துமா தெரியல?

நூர்தீன்: என்ன தெரியல... ஏன் உக்காந்துட்ட? முகமெல்லாம் வேர்க்குது... ஐயோ, கதவு மணி! வந்துருச்சு!

லீலா: ஹெம்ப் துணி வரவே இல்ல பாய். கப்பல் தாமதம்னாங்க. சொன்னா ஆர்டர் போயிடுமேன்னு அரப் ஸ்ட்ரீட் துணிக்கடையில லினன் வாங்கித் தைச்சுட்டேன். நீங்க வச்ச லேபிள் மட்டுந்தான் நிஜம்... கதவைத் திறங்க, அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்றேன்.