குத்துமதிப்பு

உட்காரச் சொன்னதற்கு நன்றி சார். பேன்ட்டெல்லாம் கிரீஸ், நாற்காலி பாழாகிவிடும், நின்றுகொண்டே சொல்லிவிடுகிறேன். பெயர் தேவசிகாமணி. ஏற்காடு ஒண்டிக்கடையில் இருபத்தாறு வருடமாக வண்டி ரிப்பேர் பார்க்கிறேன். கொட்டச்சேடு ஜெப்சனின் பிக்கப் மலைப்பாதையில் கவிழ்ந்த விஷயமாக வந்திருக்கிறேன். என்னை யாரும் தேடவில்லை என்று தெரியும். பேப்பரில் வந்த ஒரு தவறைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான்.

அது நாலு சிலிண்டர் டீசல் வண்டி. இருபத்திரண்டு வருடப் பழசு. போன மழைக்காலத்தில் அதற்கு ஒரு வியாதி வந்தது. அரை மணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும். பத்து நிமிடம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். டீசல் ஃபில்டரை மாற்றினேன். லைனில் காற்று புகுகிறதா என்று பார்த்தேன். பம்பைக் கழற்றி மாட்டினேன். மூன்று முறை சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். மூன்று முறையும் ஜெப்சன் நடுவழியில் நின்றான்.

கோளாறைக் கண்டுபிடித்தது வெள்ளக்கடையில் டூவீலர் பார்க்கும் ஜெயபிரகாஷ். டீசல் டேங்க் மூடியில் காற்று போவதற்கு ஊசிமுனை அளவில் ஒரு துளை உண்டு. அதில் செம்மண் அடைத்திருந்தது. உள்ளே காற்று போகாததால் டீசல் வெளியே வரவில்லை. மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று சத்தம் வந்ததாம். சட்டையில் இருந்த ஊக்கை எடுத்துக் குத்தினானாம், முடிந்தது.

எந்த மெக்கானிக்குக்கும் இப்படி ஒன்று நடக்கும். ஜெப்சன் அதோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் எல்லோரும் நிற்கும்போது, "நம்ம தேவசிகாமணி அண்ணனுக்கு எல்லாமே குத்துமதிப்புதானுங்க. நோவு மூக்குலன்னா வவுத்தக் கிழிச்சுப் பாப்பாருங்க" என்றான். உபதேசியார்கூடச் சிரித்தார். வண்டிக்குப் புது மூடி வாங்கிப் போட்டுக்கொண்டான்; மறுநாள் காலையில் அந்தப் பழைய மூடி கம்பியில் கோத்து என் கடை ஷட்டரில் தொங்கியது. அதன் பிறகு எனக்குப் பெயரே போய்விட்டது. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள், "ஏனுங்க, குத்துமதிப்பு கடை தொறந்திருக்குதுங்களா?" என்று என்னிடமே கேட்டார்கள்.

அந்த மூடியை அவிழ்த்து எடுத்துப் போனது அவன் மனைவி சாரா. "அவரு வாயி அப்படித்தானுங்கண்ணா. தப்பு யாருக்குத்தானுங்க வராது? மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். நல்ல பெண். ஆனால் யோசித்துப் பாருங்கள் சார். தப்பு என்றுதானே அவளும் சொன்னாள். சிரித்தவர்களை நான் மன்னித்துவிட்டேன். இவள் என்மேல் பட்ட பரிதாபம்தான் எனக்குச் செரிக்கவில்லை.

இந்த வருடம் மிளகு பறிக்கிற சமயத்தில் ஜெப்சன் திரும்பி வந்தான். என்ஜின் உதறியது, வெள்ளைப் புகை வேறு. "மூணு சிலிண்டர்லதான் ஓடுதுங்கண்ணா. ஜெயபிரகாசுக்குப் புடிபடலீங்க. இந்தத் தடவையாச்சும் குத்துமதிப்பு இல்லாமப் பாருங்க" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

என்ஜினை ஓடவிட்டு, டீசல் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். வேலை செய்கிற சிலிண்டர் என்றால் தளர்த்தியதும் சத்தம் இறங்கும். மூன்றாவதில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. அதற்கு டீசலைப் பீய்ச்சுகிற நாசிலை மாற்றினேன். வண்டி தையல் மெஷின் மாதிரி ஓடியது. அரை நாள் வேலை. அதில் ஒரு இடத்தில்கூட நான் உத்தேசமாகச் செய்யவில்லை.

பிறகு இன்னொரு வேலையும் செய்தேன். அந்த வண்டியில் பிரேக்கை மிதிக்கிற காலுக்கு என்ஜினிலிருந்து உதவி வரும். என்ஜினை அணைத்தாலும் இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும்படி ஒரு சின்ன வால்வு அந்த உதவியைப் பிடித்து வைத்திருக்கும். வால்வுக்குள் இருக்கிற ரப்பர் தட்டை எடுத்துவிட்டு, பழையபடி மாட்டினேன். என்ஜின் ஓடும்வரை பிரேக்கில் குறை சொல்ல முடியாது. அணைத்தால் மிதி கல்லாகிவிடும்.

முறையாக ஓட்டுகிற யாருக்கும் நான் கெடுதல் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மலை இறங்குகிறவன் இரண்டாவது கியரில், என்ஜின் ஓட, இறங்க வேண்டும். ஜெப்சன் டீசல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்து நியூட்ரலில் இறங்குகிறவன். ஏற்காட்டுக்கே தெரியும். ஹேண்ட்பிரேக் கேபிளையும் தளர்த்திவிட்டேன். அதை மறைப்பானேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் கடை முன்னால் வண்டி நின்றது. பின்னால் மிளகு மூட்டைகள். முன் சீட்டில் பட்டுப் புடவையோடு சாரா. சேலத்தில் அவள் தம்பிக்கு நிச்சயதார்த்தம். "நொம்ப நல்லா ஓடுதுங்கண்ணா. அண்ணன் பாத்தா சரியாயிரும்னு நான் அப்பவே ஊட்டுல சொன்னேனுங்க" என்றாள்.

அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வால்வைச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். ஆனால் என்ன சொல்லி இறங்கச் சொல்வது? ஒன்றைத் தப்பாக மாட்டிவிட்டேன் என்றா? ஜெப்சன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாராளமாப் போயிட்டு வாங்க சாமி" என்றேன்.

மேலிருந்து ஆறாவது வளைவு. ஜெப்சன் வெளியே தெறித்து விழுந்து, இடுப்பு ஒடிந்து பிழைத்துக்கொண்டான். சாராவை நீங்களே பார்த்தீர்கள்.

மறுநாள் பேப்பரில் "என்ஜின் கோளாறால் விபத்து" என்று போட்டிருந்தார்கள். டீக்கடையில் அதைப் படித்துவிட்டு, "குத்துமதிப்பு பாத்த என்ஜினுங்கல்ல" என்று பேசிக்கொண்டார்கள். மூன்று வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்களும் கேஸை அப்படியே முடிக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இனியும் சும்மா இருப்பது நியாயமில்லை என்று தோன்றியது.

சாராவைக் கொன்றது நான்தான் சார். அதை உங்களுக்குத் தோன்றுகிற மாதிரி எழுதிக்கொள்ளுங்கள்; படிக்காமலே கையெழுத்துப் போடுகிறேன். என்ஜினைப் பற்றி எழுதுகிற இடத்தை மட்டும் எனக்கு ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். அதில் தப்பு வந்துவிடக் கூடாது.