நாளைக் காலை எட்டு மணிக்கு

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. என் மனைவியைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வாள். தொற்று பரவிய நாட்களில், உயிருக்கு ஆபத்தானவற்றைத் தவிர மற்ற எல்லா ஆபரேஷனையும் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக வாரத்துக்குப் பத்துப் பேர் வயிற்றைத் திறந்தவன், வீட்டில் நாற்காலிக் காலில் நூலைக் கட்டி முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன்.

"நாற்காலிய எப்ப டிஸ்சார்ஜ் பண்றீங்க?" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் பயம் அரித்தது. என் டியூட்டியில் அவசரக் கேஸ் ஒன்றும் வராமல், எழுபத்தொரு நாள் கத்தியைத் தொடவில்லை. கை மறந்துவிடும் என்ற பயம் என்னவென்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

நீங்கள் விசாரிக்கும் அந்த பெயின்டர் என் பட்டியலில் இருந்தவர். ஏணி தூக்கித் தூக்கித் தொடை இடுக்கில் குடல் இறங்கியிருந்தது. மூன்று முறை தேதி கொடுத்து, மூன்று முறையும் நானே போன் போட்டுத் தள்ளிவைத்தேன். ஒரு தடவைகூட அவர் கோபப்படவில்லை. தங்கமான மனுஷன்.

அந்தத் திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் மனைவி அழைத்தார்.

"டாக்டர், காலையிலேருந்து வாந்தி எடுத்துக்கிட்டே இருக்காரு. வீக்கம் கல்லாட்டம் ஆயிடுச்சு, உள்ள போகவே மாட்டேங்குது. உடனே கூட்டிட்டு வரட்டுமா?"

குடல் மாட்டிக்கொண்டது என்று கேட்டவுடனே தெரிந்துவிட்டது. ஆனால் அன்று டியூட்டி என் ஜூனியருக்கு. கெட்டிக்காரி. வலி தெரியாமலிருக்க ஊசி போட்டு, கையாலேயே மெல்ல அழுத்தி உள்ளே தள்ளிவிடுவாள். பத்து நிமிட வேலை. அவசரம் தீர்ந்துவிடும், ஆபரேஷன் மறுபடியும் தள்ளிப்போகும். உள்ளே போகாவிட்டால் அவளே கத்தியை எடுப்பாள். எப்படிப் பார்த்தாலும் எனக்கில்லை. என் டியூட்டி மறுநாள் தொடங்கியது.

"பயப்படாதீங்கம்மா. சில நேரம் இப்படி இறுகும், தானா இளகிடும். வலி மாத்திரை குடுத்துப் படுக்க வைங்க. நாளைக்குக் காலைல எட்டு மணிக்குக் கூட்டிட்டு வாங்க, நானே பாக்குறேன்."

"இப்பதான் டாக்டர் எனக்கு உயிரே வந்துச்சு" என்றார்.

ஆறு மணி நேரத்தில் குடல் கறுக்கத் தொடங்கும். நான் அறியாததல்ல, மாணவர்களுக்குப் பாடமே நடத்தியிருக்கிறேன். மாலையில் இரண்டு முறை போன் அடித்தது. எடுக்கவில்லை. அந்த அம்மாவின் குரலைக் கேட்டால் மனம் இளகிவிடுவேன், எனக்கு அது தெரியும்.

காலையில் எட்டடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார்கள். எந்த ஆபரேஷன் அவசரம் என்று முடிவுசெய்யும் அனுமதிக் குழு ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டது. இரண்டடிக் குடல் அழுகியிருந்தது. வெட்டி எடுத்து, நல்ல முனைகளைச் சேர்த்துத் தைத்தேன். கை ஒன்றையும் மறக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்தவர்கூட, "சார், அதே கைதான் சார்" என்றார். அன்று வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள் விஷம் இரத்தத்தில் ஏறி அவர் போய்விட்டார். தாமதமாக வந்த நோயாளி என்று குறிப்பில் எழுதினேன். தாமதம் என்னுடையது. தெரிந்தேதான் இருபது மணி நேரம் காக்கவைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

விசாரணை எத்தனை நாள் இழுக்கும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் தள்ளிப்போனவர்கள் இன்னும் நாற்பத்து மூன்று பேர் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களை வேறு யாரிடமும் அனுப்பிவிடாதீர்கள். பாவம், அவர்களுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.